சுருங்க வேண்டிய துணி

பனியன் கம்பெனியின் பேக்கிங் அறையையே ஒழித்து எங்கள் விமானத்துக்கு விட்டுத் தந்த அவைத் தலைவர் ஆத்தப்பன் அய்யா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, ஷிப்ட் முடிந்த கையோடு சேலையில் நூல் பிசிறு ஒட்டியிருக்க ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, நல்லூர் நண்பர்களே, சாம்பிள் டெய்லர் விஜயராணியின் வணக்கம். இந்த வரிசையில் ஒருவரை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அவரிடம் பிறகு வருகிறேன்.

இதோ மேசைமேல் நிற்கிறதே, பாருங்கள். ஏழடி நீள மாதிரி விமானம். ஆள் ஏற முடியாது. ஆனால் ஆகாயம் ஏறும். நாளை மறுநாள் தாராபுரம் போட்டிக்குப் போகிறது. பறக்குமா என்கிறீர்களா? சென்ற ஞாயிறு காங்கேயம் காட்டில் பறந்ததைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். போதும், இறக்குங்கள், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது.

இதன் உடற்கூட்டுக்குள் என்ன இருக்கிறது? மூக்கில் மோட்டார், அதன் பின்னே பேட்டரி, நடுவயிற்றில் ரிமோட் சொல்வதைக் கேட்கும் ரிசீவர், வாலை அசைக்க இரண்டு சின்ன மோட்டார்கள். பேட்டரி நான்கு விரற்கடை பின்னால் நகர்ந்தால் போதும், வால் கனத்து விழுந்துவிடும். எலும்பு மெல்லிய மரம், தோல் துணி. துணி என்றதும் நமக்கு ஒரு மிடுக்கு வருகிறதல்லவா? உலகத்துக்கே உடுத்தக் கொடுக்கும் ஊருக்கு ஒரு விமானத்துக்கு உடுத்தத் தெரியாதா? அந்த மிடுக்கில்தான் வழுக்கினோம்.

நம் தொழிலில் சுருக்கம் பகை. தைத்த பிறகு சட்டை சுருங்கினால் ஆர்டரே திரும்பி வரும். அதனால் வெட்டுவதற்கு முன்பே ஆவி கொடுத்துச் சுருக்கிவிடுவோம். விமானத் துணியோ நேர்மாறு. சட்டத்தில் போர்த்திய பிறகுதான் சூடு காட்ட வேண்டும். அங்கே சுருங்கி, விறைத்து, பறை போல நிற்க வேண்டும்.

நம் அயர்ன் மாஸ்டர் கன்னையன் அண்ணன் அந்தத் துணியை முன்கூட்டியே ஆவியில் போட்டுச் சுருக்கிவிட்டார். போர்த்தினோம், கழுத்து தளர்ந்த பனியன் போலத் தொங்கியது. போட்டி நடத்துபவர்கள் விமானத்தைச் சோதிக்க வர இரண்டே நாள். வேறு துணி இல்லை. கன்னையன் கெடுத்துவிட்டார் என்று கம்பெனியே பேசியது. அவர் வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டினார். "ஏனுங்கம்மிணி, ஆவிக்குப் பாதிதானுங்க சுருங்கியிருக்குது. சூட்டக் கூட்டுனா இன்னும் இழுக்குதுங்க. நீங்க தொய்வில்லாமத் தைச்சுக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறனுங்க."

முதுகு நெடுகப் பிரித்துத் தைத்தேன். அவர் இடப்பக்கம் ஒரு சாண், வலப்பக்கம் ஒரு சாண் என்று மாற்றி மாற்றித் தேய்த்தார். ஒரே பக்கம் இழுத்தால் எலும்பு வளையும். சூடு ஒரு நொடி மிஞ்சினால் துணி உருகும். வளைந்ததா? உருகியதா? வந்து தட்டிப் பாருங்கள், சத்தம் சொல்லும்.

ஆனாலும் தாராபுரம் போகும் ஐந்து பேர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. துணியைக் கெடுத்தவர் எதற்கு என்றார்கள். பட்டியலை எழுதியவள் நான்தான்.

தாய்மார்களே, இதைச் சொல்லத்தான் மேடை கேட்டேன். முதன்முதலில் நான் அந்தத் துணியை நீட்டியதும் அவர் கேட்டார்: "இதையும் ஆவியில போட்டறலாமுங்களா?" துணியோடு வந்த காகிதத்தைப் படிக்காமலே, "எப்பவும் போலத்தாண்ணே" என்று சொன்ன வாய் இந்த வாய். ஊரே அவரைப் பேசியபோது மூடிக்கொண்டிருந்ததும் இதே வாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தலைவர் அவர்களே, ஐந்தாவது பெயர் என்னுடையது. அதை அடித்துவிட்டுக் கன்னையன் என்று எழுதிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள் அய்யா. என் தையல் அதன் முதுகில் போகிறது, எனக்கு அது போதும். தலையசைக்கிறீர்கள், நன்றி.

இப்போது விட்டுப்போன விளிப்பைச் சொல்கிறேன். அயர்ன் மாஸ்டர் கன்னையன் அண்ணன் அவர்களே, மன்னித்து, மேடைக்கு வந்து உங்கள் விமானத்தைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

என்ன சொல்கிறார்? சத்தமாகச் சொல்லுங்கண்ணே.

"கை கழுவிட்டு வர்றனுங்க அம்மிணி. வெள்ளைத் துணிங்க."

கேட்டீர்களா? அவர் கழுவி வரட்டும், அதுவரை ஒருவரும் எழுந்து போகாதீர்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. கழுவிய கையோடு வருகிறவருக்கு என் முதல் வணக்கம்.