கொக்கி அடிச்ச பக்கம்

நாத்தனார்: ...அப்படி இல்ல அண்ணி. கொஞ்சம் பின்னாடி தள்ளி வாங்க. மூக்கு இடிக்கிற மாதிரி நின்னா படத்துல என்ன தெரியும்?

அண்ணி: எல்லாம் தெரியுது. ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி தண்ணி மேல நிக்கிறா, இன்னொருத்தி தண்ணிக்குள்ள தலைகீழா. காலோட கால் ஒட்டியிருக்கு. போதுமா? டீ குடிக்கப் போலாம் வா. உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்.

நாத்தனார்: டீ எங்கயும் ஓடிப் போயிடாது. இது ரெண்டு பேர் இல்ல, ஒருத்திதான். கீழ இருக்கறது அவ நிழல்.

அண்ணி: நிழலா? மேல இருக்கறவ கண்ணு முழிச்சிருக்கா, கையில விளக்கு எரியுது. கீழ இருக்கறவ கண்ணை மூடிக்கிட்டு, அணைஞ்ச விளக்கைப் பிடிச்சிருக்கா. எந்தத் தண்ணியில இப்படி நிழல் விழும்?

நாத்தனார்: அதுதான் குறியீடு.

அண்ணி: புரிஞ்சா படம், புரியலேன்னா குறியீடு. அப்படித்தானே?

நாத்தனார்: கிண்டல் வேணாம். நேத்து ஆபீஸ் விட்டு வர்றப்போ சும்மா இந்தக் கண்காட்சிக்குள்ள நுழைஞ்சேன். இதுக்கு முன்னாடி வந்ததும் கால் நகரல. எனக்கு நீங்கதான் தெரிஞ்சீங்க.

அண்ணி: நானா? எனக்கு ஏது இவ்வளவு முடி...

நாத்தனார்: விளையாடாதீங்க. அண்ணன் தவறிப் போனப்புறம் நீங்க இருந்தீங்களே... அதான் கீழ இருக்கறவ. நடந்தீங்க, சமைச்சீங்க, கடையில உக்காந்து ஊரார் கல்யாண போட்டோவுக்கெல்லாம் பிரேம் போட்டீங்க. கண்ணு மட்டும் மூடியே இருந்துச்சு. கோவமா?

அண்ணி: இல்ல. நீயும்தான் அப்போ சாப்பிடாம சுருண்டு கிடந்த. உன்னை எழுப்பணுமேன்னுதான் நானே எழுந்தேன். ...சரி, மேல நிக்கிறவ யாராம்?

நாத்தனார்: இப்போ கொஞ்ச நாளா இருக்கற நீங்க. பாத்திரம் கழுவறப்போ பாட்டு வேற. அதுவும் சுதி சேராம.

அண்ணி: சும்மா இரு.

நாத்தனார்: இன்னொண்ணு பாருங்க. மேல மூலையில, பொடியா... ஓவியர் கையெழுத்து. தலைகீழா போட்டிருக்காரு.

அண்ணி: எங்க... ம்.

நாத்தனார்: எவ்வளவு ஆழம் பாருங்க. தன் பேரையே கவுத்துப் போட்டு, நான்கிற எண்ணத்தையே... என்ன சிரிக்கறீங்க?

அண்ணி: நான் எங்க சிரிச்சேன்? இரு, பிரேம் இந்தப் பக்கம் ஒரு நூலளவு இறங்கியிருக்கு...

காவலாளி: அம்மா, படத்தைத் தொடாதீங்க.

அண்ணி: கோணலா இருக்குங்க.

காவலாளி: கோணலா இருந்தாலும் தொடக்கூடாது. தள்ளி நில்லுங்க.

நாத்தனார்: கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களே.

அண்ணி: நான் போட்ட பிரேமை நானே தொடக்கூடாதாம். நல்லா இருக்கு நியாயம்.

நாத்தனார்: நீங்க போட்டதா? இவ்வளவு நேரம் புதுசா பாக்கற மாதிரி நின்னீங்க?

அண்ணி: டீ குடிக்கறப்போ சொல்லலாம்னு... சரி, இந்த பெஞ்சில உக்காரு. அந்தக் கையெழுத்துல ஒரு ஆழமும் இல்ல. அது என் தப்பு. கண்ணு முழிச்சவதான் மேல இருக்கணும்னு நானே முடிவு பண்ணி, படத்தைக் குப்புறப் போட்டுப் பின்னாடி அவ தலைப் பக்கமா கொக்கி அடிச்சுட்டேன்.

நாத்தனார்: அப்போ அவர் வரைஞ்சது...

அண்ணி: கண்ணை மூடினவதான் மேல. முழிச்சிருக்கறவ தண்ணிக்குள்ள. கடைச் சுவத்துல மாட்டிக் காட்டினேன், மனுஷன் அதையே உத்துப் பார்த்துக்கிட்டு நின்னாரு. எனக்கு உசுரே போச்சு. கழட்டி மாத்தித் தர்றேன்னேன். வேணாங்க, இத்தனை நாளா நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்னாரு.

நாத்தனார்: அப்புறம்?

அண்ணி: அப்புறம் அடிக்கடி வந்தாரு. உள்ளங்கை அளவு படத்துக்கெல்லாம் பிரேம் கேட்டுக்கிட்டு.

நாத்தனார்: ஒரு நாள் படம் தீர்ந்திருக்குமே...

அண்ணி: தீர்ந்துச்சு. அன்னிக்குக் கேட்டுட்டாரு.

நாத்தனார்: என்னன்னு?

அண்ணி: என்னன்னு கேப்பாங்க... கல்யாணம் பண்ணிக்கலாமான்னுதான். வீட்ல என் நாத்தனார் இருக்கா, அவ மனசார சரின்னாதான்னு சொல்லிட்டேன். எனக்கு அவரைப் பிடிச்சிருக்குடி, அதை மறைக்கல. ஆனா உங்க அண்ணன் இருந்த இடத்துல இன்னொருத்தர்... உன் முகத்தைப் பார்த்து எப்படிக் கேக்கறதுன்னு தினமும் முழுங்கிட்டே இருந்தேன். இப்போ கேட்டுட்டேன். நீ வேணாம்னா இதோட விட்டுடறேன். ...ஏதாவது பேசு. எந்நேரமும் லொடலொடன்னு பேசுவியே.

நாத்தனார்: என்னத்தைப் பேச? கையெழுத்து தலைகீழா இருந்தா படமே தலைகீழா இருக்குன்னு கூடவா எனக்குத் தெரியாது? நேத்து இங்க நின்னுக்கிட்டிருந்த அந்த ஓவியர்கிட்டயே போய், சார், படத்தைக் கவுத்து மாட்டிட்டாங்கன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே பிரேம் கடைக் கதை பூராவும் சொன்னாரு. அந்தக் கடைக்காரம்மா வீட்ல ஒரு நாத்தனார் இருக்காங்களாம், அவங்களை நினைச்சாதான் பயமா இருக்குன்னாரு. இதே பெஞ்சில உக்காந்து அழுதேன் அண்ணி, முதல்ல அண்ணனை நினைச்சு, அப்புறம் இதைச் சொல்ல முடியாமத் தவிச்ச உங்களை நினைச்சு. அழுது முடிச்சுட்டு, அந்த நாத்தனார் நான்தான், நாளைக்கு அண்ணியைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டேன். எந்திரிங்க. எதிர்க்கடையில மூணு டீ சொல்லி வச்சுட்டு அந்த மனுஷன் எவ்வளவு நேரம்தான் தனியா உக்காந்திருப்பாரு?