சுத்தம் செய்த வானம்

"வானம் ஒரே அழுக்கு சாரே. சுத்தம் பண்ணிட்டேன்."

மார்த்தாண்டம் பஸ்ஸில் என் முன் இருக்கையிலிருந்த ஸ்டூடியோக்காரர், பக்கத்திலிருந்த பள்ளிக்கூட வாத்தியாரிடம் இப்படிச் சொன்னார். தொலைநோக்கியில் காமிராவைக் கட்டி வாத்தியார் எடுத்த படம் அது. ஸ்டூடியோக்காரர் அதைப் பிரிண்டு போட்டு உறையிலிட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"படம் பூரா வெள்ளை வெள்ளையாட்டு தூசி. ஒண்ணொண்ணா மை வச்சு அடைச்சேன்."

வாத்தியார் உறையைப் பிரித்தார். படம் முழுக்கக் கருப்பு.

"ஓய், அதெல்லாம் நட்சத்திரம்."

"முன்னமே சொல்லப்பிடாதா?"

"நடுவுல புகை மாதிரி ஒரு நட்சத்திர மேகம் இருந்திருக்குமே? அதுக்காகத்தான் ஓய் படமே எடுத்தேன்."

"அந்தக் கறையா? அதுக்குத்தான் பெரும்பாடு. படம் பதிஞ்ச கண்ணாடி பிளேட்டுலயே சுரண்டி எடுத்துட்டேன்."

தக்கலை தாண்டும்போது வாத்தியார் படத்தை மறுபடி உறைக்குள் போடப் போனார். ஸ்டூடியோக்காரருக்கு அது என்னவோ போலிருந்திருக்க வேண்டும்.

"மூலையில ஒரு புள்ளிய மட்டும் விட்டிருக்கேன் சாரே. நம்ம கடையில பிள்ளைங்க படத்துக்கும் அப்படித்தான், கன்னத்துல ஒண்ணு விடுவேன். கண்ணு படப்பிடாதுல்லா."

வாத்தியார் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"அந்த இடத்துல நட்சத்திரமே கெடையாது," என்றார். "இதுதான் ஓய் தூசி."