கிணற்றடி மண்

கேப்பைக் கூழைத் துணியில் வடிகட்டினால் தொண்டையில் சிக்காது, ஏட்டையா. ஏழு மாதமும் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் கொடுத்தேன். முதுகில் ஒரு புண் வரவிட்டேனா என்று ஊரில் யாரையும் கேளுங்கள். என் பேர் மலையம்மாள். வீட்டுக்காரர் பேரைச் சொல்வது எங்களில் வழக்கமில்லை. கொழுந்தன் சின்னானைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புகார் கொடுத்தவனும் அவன்தானே.

கிணறு தூர்வாரும்போது மேலேயிருந்து கல் சரிந்து அவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து கண் மட்டும் திறந்திருக்கும். பேச்சில்லை, அசைவில்லை.

"மருதை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுறேன் மதினி" என்று சின்னான் வாரம் தவறாமல் வந்து நிற்பான். அங்கே தலையை அறுப்பார்கள். நான் விடவில்லை. என்னைவிட நன்றாக யார் பார்த்துவிடப் போகிறார்கள்?

அலுப்பு இருந்தது, மறைக்கமாட்டேன். எனக்கு இருபத்து நாலு வயது. "ஒண்ணு எந்திரி, இல்ல போய்ச் சேரு" என்று அவர் காதிலேயே சொல்லியிருக்கிறேன்.

உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், எங்கள் பக்கம் அவரவர் நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விடுவோம். மண்ணாசை தீர்ந்து நிம்மதியாகப் போவார்கள். மாமியார் பாண்டியம்மாள்தான் அழுதுகொண்டே சொன்னார்: "கெணத்தடி மண்ணு மேல அம்புட்டு உசுரா இருந்தான் எம்மகன். கரைச்சு ஊத்து தாயி."

சொந்தக்காரர்கள் கூடி எடுத்த முடிவு அது. சின்னான் மட்டும் வரவில்லை. ஆளுக்கொரு சொட்டு விட்டார்கள். அவர் விழுங்கினார், உயிர் போகவில்லை. அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் எங்கே போவது?

மறுநாள் நானே கரைத்தேன், கொஞ்சம் கெட்டியாக. அதற்கு மறுநாள் அரைச் சொம்பு. இருமினார், மூக்கால் வந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் விட்டேன். அம்புட்டு ஆசை வைத்தவருக்கு ஒரு சொட்டு எப்படிப் போதும்?

ஒன்பதாம் நாள் காலையில் அவருடைய வலது கை மேலே வந்தது. ஏழு மாதத்தில் அதுதான் முதல் தடவை. சொம்பைத் தள்ளினார்.

"வேணாம் புள்ள" என்றார். தெளிவாகவே கேட்டது.

மண்ணாசை தீர்ந்துவிட்டது என்று அப்போதுதான் என் மனசு குளிர்ந்தது, ஏட்டையா. அந்தக் கையைப் பாயோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு மீதியையும் ஊற்றினேன்.