வெற்றிப் பயிற்சியில் கேட்ட கண்டக்டர் குரல்

அவைக்கு அழகும் அமைப்புக்கு அரணுமாகத் தலைமை ஏற்றிருக்கும் மகளிர் தொழில்முனைவோர் கூட்டமைப்பின் தலைவர் செங்கமலம் அம்மையார் அவர்களே, என்னைப் பேசச் சொல்லிவிட்டு, இவள் என்ன பேசப்போகிறாளோ என்று இப்போது சற்றே கலங்கியிருக்கும் பயிற்சியாளர் வெற்றிசெல்வன் அவர்களே, அறந்தாங்கி வீதிகளில் அதிகாலையில் கடை திறந்து, அதற்கும் முன்னே அடுப்பு மூட்டி, அத்தனைக்கும் நடுவே இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மீமிசலிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் சகோதரிகளே, நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் நின்றே கேட்கும் அண்ணன்மாரே, ஆன்றோரே, அனைவருக்கும் என் பணிவார்ந்த வணக்கம்.

நான் புவனேஸ்வரி. கேக் செய்து விற்பவள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைக் கிரீமில் எழுதி எழுதியே கையெழுத்துத் திருந்தியவள். "வெற்றிப் பயிற்சியில் நான் கற்ற பாடம்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கற்றேன், உண்மை. ஆனால் கற்பதற்கு முன்னால் கலங்கினேன். கலங்குவதற்கு முன்னால் திகைத்தேன். அந்தத் திகைப்பு இன்றுவரை என்னைவிட்டு முழுதாக நீங்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். என் வீட்டுக் கதை. என் கணவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் புதுக்கோட்டையில், ஒரு திருமண மண்டபத்தில் அந்தப் பயிற்சி நடந்தது. குளிரூட்டிய கூடம். கோட்டுப் போட்ட வெற்றிசெல்வன் ஐயா. மேடையில் நின்று கேட்டார்: உன் வெற்றியை நீ சொல்லாவிட்டால் யார் சொல்வார்? உரக்கச் சொல். ஊர் கேட்கச் சொல். உலகம் கேட்கச் சொல். சொன்னோம். தொண்டை கட்டும்வரை சொன்னோம். என்னம்மா சிரிக்கிறீர்கள்? நீங்களும்தானே என் பக்கத்தில் நின்று கத்தினீர்கள்.

கடைசி நாள் மதியம் ஒரு பயிற்சி. உங்கள் வெற்றிக்குக் காரணமானவரைத் தொலைபேசியில் அழையுங்கள், ஸ்பீக்கரில் போடுங்கள், மைக்கின் அருகே பிடியுங்கள், எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லுங்கள் என்றார் ஐயா. முதலில் மீமிசல் ஷர்லி தன் அண்ணனை அழைத்தார். அவரோ, "மீன் வல பிரிச்சுக்கிட்டு இருக்கேன், அப்புறம் பேசு தாயி" என்று வைத்துவிட்டார். மண்டபமே சிரித்தது. அடுத்து என் முறை.

என் கணவர் அழகுமலை. கத்தாரில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஃபோர்மேன். சாயங்காலமானால் அவரே வீடியோவில் அழைப்பார். வேலை நேரத்தில் கூப்பிட்டால் கம்பெனியில் திட்டுவார்கள் என்று சொல்லியிருந்தார். அதனால் நானாக ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அதை ஐயாவிடம் சொன்னேன். "தயக்கம்தான் தோல்வியின் தாய், கூப்பிடுங்கள்" என்றார். கூப்பிட்டேன்.

அவர் எடுத்தார். பதறிய குரல்.

"என்ன புவனா, இந்நேரத்துல? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

நான் வாய் திறப்பதற்குள், அவர் குரலுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. கணீரென்று வந்தது.

"கீரனூர், புதுக்கோட்டை. கீரனூர், புதுக்கோட்டை. ஏறுங்க, வண்டி கெளம்பப் போகுது."

சபையோரே, கத்தாரில் ஏது கீரனூர்? பாலைவனத்தில் ஏது புதுக்கோட்டை? அந்தக் குரலை நான் கேட்டேன், மண்டபம் கேட்டது, மேடை கேட்டது. ஐயா ஒரு கணம் திகைத்து, மறுகணம் மைக்கைப் பிடித்தார். "பாருங்கள், மனைவிக்குச் சொல்லாமல் ஊர் வந்துவிட்டார் கணவர். இதுதான் நேர்மறை எண்ணத்தின் பரிசு" என்றார். கைதட்டல். விசில். எழுந்து நின்று தட்டினார்கள். அத்தனை ஆரவாரத்துக்கு நடுவே என் கையிலிருந்த போனில் மட்டும் சத்தமில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. மறுபடி அழைத்தேன், போனை அணைத்துவிட்டார். மகிழ்ச்சி தரவந்த மனிதன் அப்படி மௌனமாக இருப்பானா? மனைவிக்குத் தெரியாதா மௌனங்களின் வகை?

அந்தக் கைதட்டலுக்கு நடுவிலேயே வெளியே வந்தேன். கீரனூர் வழியாகப் புதுக்கோட்டைக்கு வண்டி திருச்சியிலிருந்துதான் கிளம்பும். திருச்சிப் பேருந்தில் ஏறினேன். பையிலிருந்து சில்லறை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு வீடியோ அழைப்பிலும் அவர் முகத்துக்குப் பின்னால் தெரிந்த வெள்ளைச் சுவர் நினைவுக்கு வந்தது. எப்போதும் அதே சுவர். ஜன்னலைக் காட்டியதில்லை, வாசலைக் காட்டியதில்லை. எத்தனை மாதமாக அந்தச் சுவர் திருச்சியில் இருக்கிறது?

பணம் வந்ததா என்று ஒரு அம்மா கேட்கிறார். வந்தது. குறைந்து வந்தது. கம்பெனியில் பிடித்தம் என்றார், நம்பினேன்.

திருச்சியில் இறங்கினேன். எங்கே போய்த் தேடுவது என்று திகைத்து நிமிர்ந்தால், புதுக்கோட்டைப் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, சிமெண்டு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். காக்கிச் சட்டை. சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிற வேலை.

"எந்த பஸ்ஸுல வந்தாலும் இங்கதான எறங்கணும். அதான் உக்காந்திருந்தேன்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "எப்ப வந்தீங்க?"

"மாசியில. கம்பெனிய மூடிட்டாங்க. டிக்கெட்டப் போட்டு அனுப்பிட்டாங்க."

"வீட்டுக்கு வாரதுக்கு என்னங்க?"

எதிரே நின்ற பேருந்தைப் பார்த்தார். பிறகு சொன்னார். "ஏர்போர்ட்டுலருந்து நேரா வந்து அறந்தாங்கி பஸ்ஸுல ஏறிட்டேன் புவனா. பக்கத்து சீட்டுல யாரோ ஒருத்தரு. பொட்டியில ஒட்டியிருந்த ஏர்போர்ட்டுச் சீட்டப் பாத்துட்டு, 'எப்பத் தம்பி வந்தீங்க'ன்னாரு. சந்தோசமாத்தான் இருந்துச்சு. அடுத்த வார்த்த, 'எப்பப் போறீங்க'ன்னாரு. எனக்குப் பதில் வரல. இவரே கேக்குறாரு, ஊருல எத்தன பேரு கேப்பாங்க. தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாரேன்னு பொட்டியோட எறங்குனவன்தான்."

எனக்குக் கோபம் வந்தது. பொல்லாத கோபம். "அத்தைக்குக் கண் ஆபரேஷன் பண்ணுனப்பக்கூட வரணும்னு தோணலையா ஒங்களுக்கு?"

"வந்தேன்" என்றார்.

சபையோரே, அந்த ஒரு சொல்லில் நான் உறைந்துபோனேன்.

"ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல, மருந்துக்கடை ஓரமா நின்னேன். நீ அம்மாவக் கையப் புடிச்சுக் கூட்டியாந்த. அம்மா கண்ணுல கட்டுப் போட்டிருந்துச்சு. நல்லவேள, அம்மாவுக்கு நான் நிக்கிறது தெரியாதுன்னு நெனச்சேன். பெத்த தாயிக்குக் கண்ணு தெரியாதது நல்லதுன்னு நெனச்சுட்டேன் புவனா. அப்படி நெனச்சவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்கிட்டு வாரது?"

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "பொட்டி எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். "ரூம்ல" என்றார். "எடுத்துட்டு வாங்க, போவோம்" என்றேன்.

வீட்டில் என் அத்தை உண்ணாமலை மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "கண்ணு இப்பத்தாய்யா தெளிவாத் தெரியுது, இப்படியா எளச்சுப் போவ" என்று சோறு போட்டார். எங்கள் மகள் தேவிப்ரியா அப்பாவின் மடியைவிட்டு இறங்கவில்லை. ஆனால் அவர் வாசலுக்கு வரவில்லை. யார் குரல் கேட்டாலும் உள் அறைக்குப் போய்விடுவார். நாள்கள் இப்படியே போயின. பால் பாக்கெட் வாங்கக்கூட நான்தான் போனேன்.

ஒருநாள் காலை, எங்கள் தெரு மலையாண்டி அண்ணன் வந்தார். சவூதியிலிருந்து லீவில் வந்தவர். நேராக உள்ளே வந்து உட்கார்ந்தார். "எப்பப்பா வந்தே" என்றார். நான் அடுப்படியில் நின்றேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது.

"எப்பப் போற?"

என் கணவர் எழுந்து உள்ளே போகவில்லை. தலையை நிமிர்த்தினார்.

"போகலண்ணே. வேல போயிருச்சு. மாசியிலயே போயிருச்சு."

மலையாண்டி அண்ணன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். வாசல் பக்கம் திரும்பி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நானும் போகலடா. லீவுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். வீட்டுல இன்னும் தெரியாது."

கேட்டவரே பதிலில்லாமல் இருந்தார் சபையோரே. தன்னை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று தான் முந்திக்கொண்டு ஊரைக் கேட்டிருக்கிறார். இதை இங்கே சொல்ல அவரும் சம்மதித்தார். அன்று மாலையே வீட்டில் சொல்லியும் விட்டார். இருவருக்கும் இன்னும் நிலையான வேலை அமையவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். என் கணவர் இப்போது என் கேக்குகளை வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார், குலுங்காமல்.

வெற்றிசெல்வன் ஐயா, உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் கூப்பிடச் சொல்லாவிட்டால் நான் இன்றும் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒரு பாடத்தை உங்கள் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். வென்றேன் என்று கூவ மைக் கொடுத்தீர்களே, தோற்றேன் என்று மெல்லச் சொல்ல எங்கே இடம் கொடுத்தீர்கள்? சொல்ல இடமில்லாத மனிதன் எங்கே போவான்? தன் ஊர்ப் பேருந்து புறப்படுவதைப் பார்த்தபடி, ஏறாமல் நிற்பான். தாயின் எதிரே நின்றும் தாயே என்று அழைக்காமல் திரும்புவான். உயிரோடு இருக்கும் பிள்ளையை உள்ளூரிலேயே ஒளித்துவைக்கும் வெற்றி நமக்கு எதற்கு?

அறந்தாங்கி மக்களே, நமது ஊரில் வீதிக்கு வீதி ஒருவர் கடல் கடந்து போயிருக்கிறார். அவர்களில் எத்தனை பேர் இப்போது ஏதோ ஒரு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெட்டியோடு ஒருவர் தெருவுக்குள் வந்தால், வாங்க என்று சொல்லுங்கள். எப்ப வந்தீங்க என்று கேளுங்கள். சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள். அதற்கு அடுத்த கேள்வியை விட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்லட்டும். சொல்லும்போது கைதட்ட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

என் வீட்டு வலியை உங்கள் வீட்டுச் செய்தியாக எண்ணி, எழுந்து போகாமல் கேட்ட அன்னையருக்கும் அண்ணன்மாருக்கும், துணிந்து எனக்கு இந்த மேடையைத் தந்த தலைவருக்கும், பெயரைச் சொல்ல அனுமதித்த இரண்டு ஆண்களுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. வீட்டில் காத்திருப்போருக்கும், வீட்டுக்கு வரத் தயங்கி எங்கோ நிற்போருக்கும் சேர்த்தே சொல்கிறேன், வணக்கம்.