இருசப்பன் வீட்டுப் பின்கட்டும் அட்ஜஸ்ட் என்ற சொல்லும்

என் பெயர் சக்கரபாணி, வயது 68, தகப்பனார் பெயர் முருகையன். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் முகவரி, நேற்றுக் காலை வரை, திருவண்ணாமலை பேகோபுரத் தெரு, இருசப்பன் வீட்டுப் பின்கட்டு. இன்று எதைச் சொல்வது என்று தெரியவில்லை. அங்கே பல ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருந்தேன். என் மனைவி ரேணுகாம்பாள் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்தவள்.

தீபத்தின்போது குடியிருப்பவர்கள் ஓர் அறையை ஒழித்து, வெளியூர் பக்தர்களுக்கு விடுவதற்காக வீட்டுக்காரரிடம் கொடுப்பது எங்கள் தெரு வழக்கம். இந்த 1982ஆம் ஆண்டுத் தீபத்துக்குச் சில நாள் முன்பு இருசப்பன் வந்து, "சார், முன் ரூம மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றார். கொடுத்தேன். அதன் பிறகு சமையலறையைக் கேட்டார், அதையும் கொடுத்தேன். அதன் பிறகு, "கூட்டம் ஜாஸ்தி சார், தீபம் முடியற வரைக்கும் அம்மாவ இட்டுக்கினு மச்சான் வூட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றார். மனைவியை வண்டியில் கிடத்தி, கீழ்பென்னாத்தூரில் அவள் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

நேற்று நான் மட்டும் திரும்பி வந்தபோது கதவில் வேறு பூட்டு இருந்தது. புதுக் குடித்தனம் வந்துவிட்டதாக அண்டை வீட்டார் சொன்னார்கள். மனைவியின் கட்டில் கொல்லையில் மழையில் நனைந்து கிடந்தது. அதன்மேல் என் புத்தகங்களும் அவள் படுத்தபடியே மலஜலம் கழிக்கும் பெட்பேனும் ஒன்றாகக் குவிக்கப்பட்டிருந்தன. கேட்டதற்கு இருசப்பன், "அதான் அங்க பழகிடுச்சில்ல சார், அப்படியே அட்ஜஸ்ட் பண்ணிக்கினு இருங்க" என்று சிரித்தார்.

அந்தச் சொல்லுக்கு நான் வகுப்பில், கருவியைச் சரியாக அமைப்பது, புதிய சூழலுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வது என்று பொருள் சொல்லிக் கொடுத்தேன். வெளியே, பஸ்ஸில் மூவர் இருக்கையில் நான்காவது ஆள் உட்காரவும், ஓட்டலில் சாம்பார் தீர்ந்துபோனதற்கும், வராத குழாய்த் தண்ணீருக்கும் அதே சொல்தான். எதில் சொன்னாலும் சொல்பவன் எதையும் விடுவதில்லை, கேட்பவன்தான் விடுகிறான். என் கணிப்பு தவறாக இருக்கலாம். ஆனால் இத்தனை நாளில் இருசப்பன் எனக்காக எதை அட்ஜஸ்ட் பண்ணினார் என்று யோசித்துப் பார்த்தேன்; ஒன்றும் அகப்படவில்லை.

புகார் கொடுக்க இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தபோது ஏட்டு ஐயாவும், "வயசான காலத்துல கேஸு எதுக்கு பெரியவரே, அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போங்க" என்றார். அதையும் எழுதச் சொன்னேன், எழுதினார்.

எனக்கு என் பின்கட்டு திரும்ப வேண்டும். அங்கே கட்டிலை ஒட்டிய ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்து மனைவி தானே எழுந்து உட்காருவாள். தம்பி வீட்டில் இதுவரை அவள் ஒருமுறைகூட உட்காரவில்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை. முடிவில், இரு தரப்பும் அனுசரித்துப் போகச் சம்மதம் என்று நான் சொல்லாத ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) மு. சக்கரபாணி