நிஜமா, சும்மாவா

டீயைச் சூடாக இருக்கும்போதே குடித்துவிடுங்கள் சார். ஆறிப்போனால் இந்தக் குவளையில் ஒரு இரும்பு வாடை வந்துவிடும். எனக்குப் பழகிவிட்டது, உங்களுக்குச் சாயங்காலம் வரை நாக்கை விட்டுப் போகாது. அந்த ஸ்டூல் கொஞ்சம் ஆடும், சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒற்றை ஆள் வேலை பார்க்கிற அறைக்கு இரண்டாவது ஸ்டூல் எதற்கு என்று மேஸ்திரி கேலி செய்தார். யாராவது வந்தால் உட்கார வேண்டாமா என்று நானே வாங்கிப் போட்டேன்.

நீங்கள் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். லாரி, வேன் ஓட்டுகிறவர்களை உட்கார வைத்துப் பேசப் போகிறீர்களாம். எச்சரிக்கையை மதிக்காதவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு என் ரயில்வே கேட்டில் நடந்ததைத்தான் உதாரணமாகச் சொல்லப் போகிறீர்களாம். நல்ல காரியம். கட்டை இறங்கியிருந்ததா, மணி அடித்ததா, சிவப்பு விளக்கு எரிந்ததா என்று விசாரணைக்கு வந்தவர்களும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அது சத்தியமான பதில். ஆனால் அவர்கள் நின்றபடியே கேட்டுவிட்டு நின்றபடியே போய்விட்டார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் முழுசாகவே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில் ஓட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனுஷர்களுக்கு ரயில் மேல் இருந்த பயமே விட்டுப்போய்விட்டது சார். இங்கே இருப்பது பாதிக் கட்டை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டுமே சாலையின் இடது பாதியைத்தான் மறைக்கும். மீதிப் பாதி திறந்துதான் கிடக்கும். கொஞ்சம் வளைத்து, தண்டவாளத்தின் மேல் ஏறி, மறுபடி ஒரு வளைப்பு வளைத்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். ஸ்கூட்டர்காரர்கள் அதுகூடச் செய்வதில்லை, தலையைக் குனிந்து கட்டைக்கு அடியிலேயே நுழைந்துவிடுவார்கள். தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியிருக்கிறேன். 'உயிர் ஒன்றுதான்' என்று என் கைக்காசில் சிவப்புப் பெயின்ட் வாங்கிப் பலகை எழுதி வைத்தேன். அதன் மேல் ஒருத்தர் ஈரத் துண்டைக் காயப்போட்டுவிட்டு நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

அவர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான். இந்த ஆள் கேட்டை மூடினால் லேசில் திறக்க மாட்டான், ரயில் எப்பவோ வரப்போகிறது, அதுவரைக்கும் நாங்கள் வெயிலில் காய வேண்டுமா என்பார்கள்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை.

இதற்கு முன்னால் நான் ஒரு பெரிய ஜங்ஷனில் இருந்தேன். அங்கே நாள் முழுக்கப் பேச்சு, சிரிப்பு, சண்டை. ஒருத்தர் டிபன் பாக்ஸை இன்னொருத்தர் காலி செய்வார். பிறகு இங்கே மாற்றினார்கள். என் மனைவி கூட வந்தாள். பெண்ணுக்குக் குழந்தை பிறந்தபோது, பேரனுக்குப் பல் முளைக்கிற வரைக்கும் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். பல் முளைத்தது, விழுந்தது, மறுபடியும் முளைத்துவிட்டது. போனில் பேசுவாள். சாப்பிட்டாச்சா என்பாள், சாப்பிட்டாச்சு என்பேன், அதற்கு மேல் இரண்டு பேருக்கும் விஷயம் கிடைக்காது. அங்கிருந்து குக்கர் விசில் கேட்கும், அதைச் சாக்கிட்டு வைத்துவிடுவாள்.

இந்த அறையில் ஒரு போன், ஒரு கைப்பிடிச் சக்கரம், இரண்டு கொடி, ஒரு விளக்கு, நான். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் சக்கரத்தைச் சுற்றிக் கட்டையை இறக்க வேண்டும், ரயில் போனதும் ஏற்ற வேண்டும். கேட் திறந்திருந்தால் வண்டிகள் நிற்காமல் போகும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மூடியிருந்தால்தான் மனுஷ முகம். ஜன்னலை இறக்குவார்கள், என்னப்பா எவ்வளவு நேரமாகும் என்பார்கள். திட்டுவதற்காகவாவது என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு அம்மா இறங்கி வந்து குழந்தைக்குத் தண்ணீர் கேட்டு வாங்கினார். அன்றைக்கெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொஞ்சம் முன்கூட்டியே மூட ஆரம்பித்தேன். போன் வருவதற்கு முன்பே கட்டை இறங்கியிருந்தால் ரயிலுக்கு ஒரு கெடுதலும் இல்லை. சீக்கிரம் மூடியதற்காக ஒரு கேட்காரனை எங்காவது தண்டித்திருக்கிறார்களா, நீங்களே சொல்லுங்கள். கண்ணும் கருத்துமாக வேலை பார்க்கிறான் என்றுதான் பெயர். பிறகு சில நாள் ரயிலே இல்லாத நேரத்திலும் மூடினேன். மணி அடிக்கும், விளக்கு எரியும், வண்டிகள் வரிசையாக நிற்கும். நான் கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். கொஞ்ச நேரம் பேச்சு நடக்கும். பிறகு, ரயில் எங்கோ நின்றுவிட்டதாம் என்று சொல்லித் திறந்துவிடுவேன்.

ஒரு நிமிஷம் இருங்கள். கட்டையை இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன்.

எங்கே விட்டேன். ஆமாம், அப்படி நின்று பேசியவர்களில் ஒருத்தன்தான் ரொட்டிக்காரன்.

அவனுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. பேக்கரி வேன் ஓட்டினான். தினமும் காலையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இருக்கிற கடைகளுக்கு ரொட்டியும் பன்னும் கொண்டுபோவான். வேன் நின்றதுமே வெண்ணெய் வாசனை இந்த அறை வரைக்கும் வந்துவிடும். மற்றவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டிருக்க, அவன் மட்டும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வருவான். ரொட்டியைச் சதுரமாக வெட்டும்போது மிஞ்சுகிற ஓரத் துண்டுகளைக் காகிதத்தில் சுருட்டி எனக்கென்று எடுத்து வைத்திருப்பான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஸ்டூல்தான் அவன் இடம். முதலாளியைப் போல நடித்துக் காட்டுவான். தன் பெண் கோழிக் கிறுக்கலாக எழுதுகிறாள் என்று குறைப்படுவான், அதைச் சொல்லும்போதே முகமெல்லாம் பூரித்துப்போகும். என்னை அண்ணே என்பான். இந்த ஊரில் என்னை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டது அவன் ஒருத்தன்தான்.

என் கள்ளத்தைக் கண்டுபிடித்ததும் அவன்தான். ஒருநாள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தவன், போனைப் பார்த்தான், தண்டவாளத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணே, ரயிலே இல்லதானே?" என்றான். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கேட் மூடியிருந்தால் வேனில் இருந்தபடியே தலையை நீட்டி, "அண்ணே, நிஜமா, சும்மாவா?" என்று கேட்பான். நிஜம் என்றால் நிஜம் என்பேன். சும்மா என்றால் சும்மா என்பேன். அவனிடம் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஆரம்பத்தில் சும்மா என்று சொன்னாலும் சிரித்துக்கொண்டே இறங்கி வருவான். போகப் போக, சும்மாவா, அப்ப நான் கிளம்பறேண்ணே என்று வளைத்து ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தான். அவனைப் பார்த்துப் பின்னால் நிற்கிறவர்களும் போனார்கள். அவர்களுக்கு நிஜம் எது, சும்மா எது என்று தெரியாது. அவன் போகிறான், நாமும் போவோம் என்று போனார்கள். இப்படித்தான் சார் கெட்டுப்போகிறார்கள். ஒருத்தன் ஒழுங்கு தவறினால் பின்னால் வருகிறவர்களும் தவறுகிறார்கள். இதை நீங்கள் உங்கள் கூட்டத்தில் அவசியம் சொல்ல வேண்டும்.

ரொட்டிக்காரன் இறங்கி வரும் நாட்கள் குறைந்தன. ஓரத் துண்டுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போய்விடுவான். நான் அதை இங்கே தனியாக உட்கார்ந்து தின்பேன். அவன் மேல் வருத்தம் இருந்தது என்று சொன்னால் அது பாதிதான். நாலு பேர் பார்க்க என்னைக் கீழே தள்ளிவிட்டுப் போனதுபோல இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் காது அந்த வேன் சத்தத்துக்காகத்தான் காத்திருக்கும்.

அன்றைக்கு நல்ல வெயில். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. இங்கே நிற்காத விரைவு ரயில், புறப்பட்டுவிட்டது என்றார்கள். கட்டையை இறக்கினேன். மணி அடித்தது, விளக்கு எரிந்தது. சாலையில் அப்போது வேறு வண்டி இல்லை. ரொட்டி வேன் மட்டும் வந்து நின்றது. நான் கேபின் வாசலில் நின்றிருந்தேன். வலது கையில் பச்சைக் கொடி, கக்கத்தில் சிவப்பு.

அவன் இன்ஜினை அணைக்கவில்லை. வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலமாக நீட்டினான். "அண்ணே, மேம்பாலம் திறந்துட்டாங்க. நாளையிலேர்ந்து அந்த வழியாத்தான் போகணும்னு முதலாளி சொல்லிட்டார்" என்றான். அதை ஒரு நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னான். இனி வெயிலில் நிற்க வேண்டாம் பாருங்கள் என்று சிரித்தான்.

வருவாயா என்று கேட்டேன். இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் வருவேன் என்றான். அந்தப் பேச்சை நான் அறிவேன். என் மனைவியும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள். இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போ தம்பி, கடைசி நாள்தானே என்றேன். கடைக்காரர்கள் காத்திருப்பார்கள், நேரமில்லை என்றான். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. அவன் கியரில் கை வைத்துக்கொண்டு, எப்போதும் கேட்பது போலக் கேட்டான்.

"அண்ணே, நிஜமா, சும்மாவா?"

தண்டவாளத்தில் அந்த மெல்லிய இரைச்சல் கிளம்பியிருந்தது. இத்தனை வருஷம் கேட்ட காதுக்கு அது தப்பாது. வளைவில் அடர்த்தியாக மரங்கள், அதனால் அவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மணிச் சத்தத்திலும் அவன் வேன் ரேடியோவிலும் காதுக்கும் எட்டாது. அவனுக்குத் தெரிவதற்கு ஒரே வழி நான்தான்.

"சும்மாதான். போ" என்றேன்.

கை காட்டிவிட்டு வளைத்தான். சிவப்புக் கொடி கக்கத்திலேயே இருந்தது. அதை விரித்தால் அவன் நின்றிருப்பான், ஒரு விரலை நீட்டினால்கூட நின்றிருப்பான். நான் பச்சைக் கொடியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் வரும்போது கேட்காரன் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி.

ரயில் இன்ஜின் ஓட்டியவர் பாவம். ரயிலை நிறுத்திவிட்டு நேராக இந்த அறைக்குத்தான் வந்தார். தண்ணீர் கொடுத்து, இந்த ஸ்டூலில் உட்கார வைத்து, முதுகைத் தடவிக்கொடுத்தேன். சாயங்காலம் வரை அவர் என் கையை விடவில்லை. பிறகு விசாரணைக்காரர்கள், போலீஸ், பத்திரிகைக்காரர்கள் என்று ஆள் மாற்றி ஆள். கட்டை, மணி, விளக்கு எல்லாம் சரியாக இருந்தன, வேன் ஓட்டியவர் எச்சரிக்கையை மதிக்கவில்லை என்று எழுதினார்கள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, நீங்களும் படித்திருப்பீர்கள்.

ரொட்டிக்காரன் மனைவி பெண்ணோடு வந்தாள். கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். நில்லு நில்லு என்று கத்தினேனம்மா, காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்றேன். நீங்க அவரைத் தம்பி மாதிரி வச்சிருந்தீங்கன்னு சொல்வாருண்ணே என்று அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. ரொட்டி ஓரம் இன்னும் இருந்தது. அந்தப் பெண் குழந்தைக்குக் கொடுத்தேன், தின்றது. அடிக்கடி வாங்கம்மா என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாவது முறை வந்தாள். அதற்கப்புறம் வரவில்லை. அவளும் மேம்பாலம் வழியாகத்தான் வேலைக்குப் போகிறாளாம்.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். நான் செய்தது ஒரு வார்த்தை சார். கட்டை இறங்கியிருந்தது, விளக்கு எரிந்தது, மணி அடித்தது. இத்தனையும் நில் என்று சொல்லும்போது, போ என்ற ஒரு வார்த்தையை எதற்கு நம்ப வேண்டும். ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறேன் என்று அவன் சொல்லியிருந்தால், நான் நிஜத்தைச் சொல்லியிருப்பேன். இன்றைக்கும் உயிரோடு இருப்பான். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காதவர்களுக்கு இதுதான் நடக்கும் என்று நீங்கள் சொல்லப் போவதும் அதுதானே.

எழுந்துவிட்டீர்களா. டீ பாதி அப்படியே இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. விசாரணை என்றால் திரும்பத் திரும்ப வருவீர்கள்தானே.

ஆனால் உங்கள் கார் அந்தப் பக்கம் போக வேண்டும், நான் கட்டையை இறக்கி வைத்திருக்கிறேன். போன் அடித்துத்தான் இறக்கினேனா என்று நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பேச்சு சுவாரசியத்தில் யாருக்கும் அது நினைவிருப்பதில்லை. பாதிக் கட்டைதான், வளைத்து ஓட்டினால் போய்விடலாம்.

ஏன் சார் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். கேட்க வந்ததைக் கேளுங்கள். இல்லை, வேண்டாம், முதலில் வந்து உட்காருங்கள். அப்புறம் சொல்கிறேன், நிஜமா, சும்மாவா என்று.