சீமோனின் ஏழடிப் பெண்

வாடகைக்கு இருப்பவர்களோடு நான் முகம் கோணியதே கிடையாது. சீமோனையே கேளுங்கள். ஹெயிட்டிக்காரன், நல்ல பிள்ளை. தொண்ணூற்றாறில் கனடாவில், அஜின்கோர்ட்டில் எங்கள் கராஜை அவனுக்கு விட்டோம். பழைய சைலன்சர், எண்ணெய்ப் பீப்பாய் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டிச் சிலை செய்வான்.

எட்டு மாதம் பாடுபட்டு ஏழடியில் ஒரு பெண்ணைச் செய்தான். அவள் கையில் வைக்கோல் கிளறுகிற மூன்று முனை இரும்பு முள்ளு, நிலத்தில் ஊன்றியபடி. அவனுடைய முதல் கண்காட்சிக்கு அவள் ஒருத்திதான் போகவிருந்தாள்.

எனக்குப் பெண் தெரியவில்லை, சூலம்தான் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவு மூலையில் வைரவர் வெறும் சூலமாகத்தான் நின்று காவல் காத்தார். இங்கே காவலுக்கு யார் இருக்கிறார்கள்? அந்த வருடம் மட்டும் என் கார் இரண்டு தரம் இடிபட்டது. ஆகவே முனைகளில் தேசிக்காய் குத்தினேன். சீமோன் சிரித்தான். அவன் ஊரிலும் இரும்புக்கு ஒரு சாமி உண்டாம். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி வடைமாலை சாத்தினேன். இந்த ஊர் மரநாய்களான ரக்கூன்கள் வந்து பெண்ணின் தோளில் ஏறியிருந்து தின்றன. சாமியை இப்படி விடலாமா? வீட்டுக் கீழறைக்குக் கொண்டுபோக முடிவு செய்தேன்.

"இஞ்சாருங்கோ, உது அந்தப் பிள்ளையின்ர பிழைப்பு. உதில கை வைக்காதேங்கோ," என்றாள் மனைவி சந்திரவதனா.

"சூலம் மட்டும்தானேயப்பா," என்றேன்.

சீமோனின் வெட்டுற மெசினாலேயே மணிக்கட்டோடு அறுத்தேன். அவளை நிமிர்த்தி வைத்திருந்ததே அந்தச் சூலம்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? முகங்குப்புற விழுந்தாள். தலை கழன்று வாசல்வரை உருண்டது. கண்காட்சிக்கு நாலு நாள் இருந்தது.

ரக்கூன் செய்த வேலை என்று சீமோனிடம் சொன்னேன். கராஜ் கதவைச் சாத்தாமல் விட்டதற்குக் கொஞ்சம் கண்டித்தேன். வெட்டு இவ்வளவு நேராக இருக்கிறதே என்றான். கனடா ரக்கூனின் பல் உனக்குத் தெரியாது என்றேன். தலையை ஒட்டிவிட்டான். ஆனால் சூலம் இல்லாமல் அவள் நிற்கவில்லை. கண்காட்சி அவனில்லாமல் நடந்தது.

பையன் அழுதான். கீழறைக்குக் கூட்டிப்போய், அங்கே நான் ஊன்றியிருந்த வைரவருக்கு முன்னால் நிறுத்தினேன். சிவப்புப் பட்டு, சந்தனக்காப்பு, வடைமாலை. தொலைந்தது கிடைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக் கேட்டான். திருநீறு பூசிவிட்டேன். வடையும் கொடுத்தேன், இரண்டு தின்றான்.

அந்தச் சூலம் அவனுடையதாக இருந்திருந்தால், ஒரு முழத் தூரத்தில் நின்றும் அவனுக்குத் தெரியாமல் போயிருக்குமா, சொல்லுங்கள்.